புதுதில்லிப் பெருவீதியின் மூன்று பெயர்கள்

1. முன்னுரை

இடப்பெயர்கள் இரு வகையாக மாறுகின்றன. பழைய பெயரோடு தொடர்பற்ற புதுப்பெயர் இடப்படுவது மாற்றீடு. பழைய பெயரின் பொருள் வேறொரு மொழியில் தரப்படுவது பெயர்ப்பு. தில்லியின் தென்மேற்கில் பாப்பன்கலான் என வழங்கிய பகுதி துவாரகா எனப் பெயர் பெற்றமை மாற்றீட்டுக்குச் சான்றாகும். புதுதில்லியின் நடுவே அமைந்த பெருவீதியின் பெயரோ இவ்விரு நிலைகளையும் கண்டுள்ளது.

2. வீதியின் வரலாறு

கல்கத்தாவிலிருந்து தலைநகர் தில்லிக்கு மாற்றப்படும் என 1911 டிசம்பர் 12-இல் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் ஆகியோர் வடிவமைத்த புதுநகர் 1931-இல் திறந்துவைக்கப்பட்டது. ரெய்சினா குன்றிலிருந்த வைசிராய் மாளிகையையும் (இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை) போர் நினைவு வளைவான இந்தியா கேட்டையும் இணைத்த வீதி 'கிங்ஸ்வே' எனப்பட்டது. வளைவுக்கு அப்பாலுள்ள மண்டபத்தில் 1936-இல் நிறுவப்பட்ட ஜார்ஜ் மன்னர் சிலை 1968-இல் அகற்றப்பட்டது. 2022 செப்டம்பர் 8-இல் அங்குச் சுபாஷ் சந்திர போஸின் சிலை திறக்கப்பட்டது.

3. பெயர்ப்பும் மாற்றீடும்

விடுதலைக்குப் பின் கிங்ஸ்வே 'ராஜ்பத்' ஆயிற்று. அதனைக் குறுக்கே வெட்டும் 'குவீன்ஸ்வே' 'ஜன்பத்' ஆயிற்று. முன்னது பெயர்ப்பு, 'மக்கள் வழி' எனப் பொருள்படும் பின்னது மாற்றீடு. அரசன், அரசி என்னும் இணை இவ்வாறு அரசு, மக்கள் என்னும் இணையாக மாறியது.

'ராஜபத' என்பது வடமொழியில் அகன்ற பொதுவழியையும் குறிக்கும். தமிழில் 'ராஜபாட்டை' என்பதும் இவ்வாறே. எனினும், 2022-இல் இப்பெயர் குடியேற்ற ஆட்சியின் எச்சமாகக் கருதப்பட்டு, 'கர்த்தவ்ய பத்' எனப் புதுப்பெயர் இடப்பட்டது. அகராதிப் பொருளைவிட, எச்சொல்லின் பெயர்ப்பு என்னும் நினைவே இங்கு வலுப்பெற்றது எனலாம்.

தமிழ் இதழ்கள் இப்பெயரைக் 'கடமைப் பாதை' எனவும் வழங்கின. சோழர் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது வரியைக் குறித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. பெயர்க்குந்தோறும் பெறுமொழியின் சொல் தன் வரலாற்றையும் உடன் கொணர்கிறது.

4. முடிவுரை

1955 முதல் குடியரசு நாள் அணிவகுப்பு தொடர்ந்து நடைபெறும் வீதி இது. ஆயினும், 1955-இன் அணிவகுப்பைக் 'கர்த்தவ்ய பத்'தில் நடந்ததாக எழுதுவது காலவழுவாகும். அந்தந்தக் காலப் பெயரை ஒலிபெயர்த்து, அதன் பொருளை முதலிடத்தில் மட்டும் விளக்குவதே மொழிபெயர்ப்பாளர்க்கு ஏற்ற நெறியாகும்.