உறையூர்த் துகிலும் அழியாப் பூச்சும்

பற்றற்று வாழ்வாரைத் தாமரையிலைத் தண்ணீர்போல என்று சொல்வது நம் மரபு. அவ்விலையில் நீர் ஒட்டாமைக்கான காரணத்தை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் விளக்கினார். இலைப்பரப்பெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்மேடுகள். அவற்றின்மேல் மெழுகுப் படலம். நீர்த்துளி மேடுகளின் நுனியில் மட்டுமே தங்கி உருண்டோடிவிடுகிறது. இலை மட்கினால் அம்மெழுகும் மட்கி மண்ணோடு கலந்துவிடும். இக்கட்டுரை பேச விழைவது மட்குதல் என்னும் அந்த ஒரு பண்பைப் பற்றியே.

துணியின் வரலாறு பேசத் திருச்சிராப்பள்ளி தகுதியான களம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான பெரிப்ளூஸ், அர்காரு என்னும் உள்நாட்டு நகரின் பெயரால் வழங்கிய மெல்லிய துகிலைக் குறிப்பிடுகிறது. அந்நகர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கு நிகழ்த்திய அகழாய்வில், செங்கல்லால் கட்டப்பெற்ற சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. நெய்தலும் சாயமிடுதலும் இக்காவிரிக் கரையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுத் தொழில்கள்.

நெய்த துணி மழைக்கு நனையாதிருக்க நம் முன்னோர் என்ன செய்தனர்? ஆட்டிடையர் கம்பளி போர்த்தினர். உரோமத்தில் இயல்பாக ஊறிய கொழுப்பு நீரை ஓரளவு தடுத்தது. வயல்வேலை செய்வோர் கொங்காணி இட்டுக்கொண்டனர். துணியில் மெழுகு பூசி மெழுகுசீலை செய்தனர். நீரிலிருந்து ஒரு பொருளைக் காக்க அதன்மேல் நெய்ப்பொருள் பூசும் வழக்கம் திருவரங்கத்திலும் உண்டு. பெரிய பெருமாள் திருமேனி சுதையால் ஆனது. ஆதலின் அதற்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே உண்டு. காப்பு மங்கும், குறித்த காலத்தில் மீண்டும் சாற்றுவர். மெழுகுசீலைக்கும் இதே நியதிதான். தேய்வதும் புதுப்பிப்பதும் பழைய பூச்சுகள் எல்லாவற்றுக்கும் பொது.

இந்நியதி இருபதாம் நூற்றாண்டில் மாறியது. 1938இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட், பின்னர் டெஃப்லான் எனப் பெயர்பெற்ற பொருளைத் தற்செயலாகக் கண்டார். 1953இல் 3எம் நிறுவன ஆய்வகத்தில் ஒரு கலவை காலணியின்மேல் சிந்தியது. சிந்திய இடத்தில் நீரும் எண்ணெயும் ஒட்டவில்லை. பேட்ஸி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் ஆகிய இருவரின் முயற்சியால் 1956இல் அது ஸ்காட்ச்கார்ட் என்னும் துணிப்பூச்சாகச் சந்தைக்கு வந்தது. மழைச்சட்டை, கூடாரம், மெத்தை உறை, தரைவிரிப்பு எனப் பலவற்றிலும் இவ்வகைப் பூச்சுகள் பரவின.

பிஃபாஸ் எனப்படும் இவ்வேதிப்பொருள்களின் ஆற்றல், கரிமமும் ஃபுளூரினும் பிணைந்த பிணைப்பில் இருக்கிறது. கரிம வேதியியலில் அதனினும் வலிய பிணைப்பு அரிது. வெயில், நுண்ணுயிர், கொதிநீர் ஆகியன அதை அறுப்பதில்லை. விற்பனைக்கு உதவிய அவ்வலிமையே பின்னர்க் கேடாயிற்று. துவைக்கையில் உதிர்வதும் ஆலைக்கழிவில் செல்வதும் நீரை அடைந்து அங்கேயே நிலைக்கின்றன. அவற்றுள் சில மனிதக் குருதியில் புகுந்தால், பாதியளவு வெளியேறவே ஆண்டுகள் சில ஆகின்றன.

இவற்றின் கேட்டை உலகம் தெளிவாக உணர்ந்த இடம் அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க். டெஃப்லான் செய்த ட்யூபாண்ட் ஆலையின் கழிவு அவ்வட்டாரக் குடிநீரில் கலந்தது. வழக்கின் விளைவாக ஏறத்தாழ 69,000 பேரிடம் ஆய்வு நடைபெற்றது. சிறுநீரகப் புற்று, விதைப்பைப் புற்று, தைராய்டு நோய், மிகை கொழுப்பு, பெருங்குடல் அழற்சி, பேறுகால இரத்த அழுத்தம் ஆகிய ஆறனுக்கும் பிஎஃப்ஓஏ என்னும் பொருளுக்கும் தொடர்பிருக்கலாம் என்று 2012இல் அறிஞர் குழு முடிவுரைத்தது. 3எம் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே பிஎஃப்ஓஎஸ் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை 2009இலும், பிஎஃப்ஓஏவை 2019இலும் தன் பட்டியலில் சேர்த்தது. 2023இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பிஎஃப்ஓஏ மனிதர்க்குப் புற்று விளைப்பது என வகைப்படுத்தியது.

இதற்கும் நமது தீவுக்கும் என்ன தொடர்பு? வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. அக்காவிரி முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடமும் காவிரியுமாகத் திருவரங்கத்தை அணைக்கிறது. பாசனத்துக்கென 1992இல் நொய்யலின் குறுக்கே எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆனால் அன்று பேசப்பட்டவை பெரும்பாலும் உப்பும் நிறமும். பிஃபாஸுக்கு நிறமில்லை. தமிழக நீர்நிலைகளை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, நொய்யல் உள்ளிட்டவற்றில் இப்பொருள்களைக் கண்டது. பிஎஃப்ஓஏ லிட்டருக்கு 93 நானோகிராம்வரை இருந்தது. 2024இல் அமெரிக்கா குடிநீருக்கு விதித்த வரம்பு 4 நானோகிராம்.

ஆற்றுநீரும் குடிநீரும் ஒன்றல்ல. ஆற்றில் கண்டதைக்கொண்டு இன்ன ஆலையே காரணம் எனச் சுட்டவும் இயலாது. இக்குடும்பப் பொருள்கள் துணியோடு மட்டும் நில்லாமல் தீயணைப்பு நுரை, உணவுப் பொதிதாள் ஆகியவற்றிலும் உண்டு. மழைச்சட்டை அணிந்தவர் நோயுறுவார் என்று அஞ்சுவதும் மிகை. சிறிதளவு தோல்வழி புகக்கூடும் என 2024இல் ஓர் ஆய்வு காட்டினும், உணவும் நீருமே முதன்மை வழிகள். ஆகவே ஆடையின் தீங்கை உடுத்தவரிடம் மட்டும் தேடினால் பாதி உண்மையே கிட்டும்; மறுபாதி, அவ்வாடையைக் கண்ணாலும் காணாது ஆற்றின் கீழ்ப்புறத்தில் நீர் முகப்பவரிடம் இருக்கிறது.

திருச்சிராப்பள்ளி மாநகரின் குடிநீர் கம்பரசம்பேட்டை முதலிய இடங்களின் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து வருகிறது. மணல்வடிப்பும் குளோரினும் பிஃபாஸை நீக்குவதில்லை; காய்ச்சுவதும் பயன் தராது. கிளர்வூட்டிய கரியும் எதிர்ச் சவ்வூடு பரவலும் குறைக்கவல்லன. ஆனால் அளந்தறிந்த பின்னரே மருந்து. 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரநிலையில் இவற்றுக்கு வரம்பில்லை. ஸ்டாக்ஹோம் பட்டியலிலிருந்து 2020இல் நடுவண் அமைச்சரவை இசைவளித்த ஏழு வேதிப்பொருள்களிலும் இவை இல்லை. பிரான்சு 2025இல் சட்டமியற்றி, 2026 முதல் ஆடைகளில் இவற்றைத் தடுத்தது. அந்நாடுகளுக்குத் துணி அனுப்பும் நம் ஆலைகள் ஃபுளூரின் கலவாப் பூச்சுக்கு மாறவேண்டியிருக்கும்; உள்நாட்டுச் சந்தைக்கும் அதே துணியைத் தரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

ஐப்பசித் துலா மாதத்தில் அரங்கனுக்குப் பொற்குடத்தில் வருவது காவிரி நீர். அந்நீரின் தூய்மையை நம்பிக்கையால் மட்டும் காத்துவிட இயலாது. ஆண்டுக்கொரு முறையேனும் அளந்து, அவ்வெண்ணை ஊரறிய வெளியிடுதல் வேண்டும். நீண்டு உழைப்பதே நற்பொருள் என்று எண்ணிப் பழகிவிட்டோம். உறையூர்த் துகில் இற்றுப்போயிற்று; அதனால் நமக்கொரு தீங்கும் இல்லை. நாம் விட்டுச்செல்லும் பூச்சு இறாது என்பதை நம் மாணவர்களுக்கேனும் சொல்லிவைப்போம்.