முதலையும் இடனறிதலும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் வக்கிரகாளியை வழிபடச் செல்வோரே. தமிழ் பயில்வோர்க்கோ அவ்வூர் ஞானசம்பந்தர் பாடிய தலம். செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயில் நிற்கும் இடம். கோயிலுக்கு அணித்தே செம்மண்ணில் கிடக்கும் வரலாறு இவற்றினும் மிகமிகப் பழையது. 1781இல் சோன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் குறித்துவைத்த கல்மரங்கள் அவை. 1940 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைப் பேணி வருகின்றது. இருநூற்றுக்கும் மேற்பட்ட அடிமரங்கள் அங்கே கிடக்கின்றன. அவற்றின் அகவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

மாணவர்களுடன் நாம் அங்குச் சென்றிருந்தபோது, அம்மரங்களுள் ஒன்றிலும் கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை என்பதைக் காட்டினோம். அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல. பெருவெள்ளம் எங்கிருந்தோ பெயர்த்து உருட்டிக் கொணர்ந்தவை என்பது ஆய்வாளர் கருத்து. மணலிற் புதைந்த மரத்துள் நீரிற் கரைந்த சிலிக்கா ஊறி, நாளடைவில் மரம் கல்லாயிற்று. இதைக் கேட்ட மாணவர் ஒருவர், "ஐயா, அவ்வளவு பெரிய ஆறு ஓடியதென்றால் அதில் முதலையும் இருந்திருக்குமா?" என்று வினவினார். உடன் வந்தோர் நகைத்தனர். நமக்கோ அது நகைக்கத்தக்க வினாவாகத் தோன்றவில்லை.

திருவக்கரை காட்டுவது மரங்களையே. ஆயினும் இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் தொல்முதலைகளின் எலும்புகள் கிடைத்துள்ளன. முதலையின் கால்வழி இக்கல்மரங்களினும் பன்மடங்கு பழையது. ஆறுகள் தடம் மாறின, காடுகள் கல்லாயின, முதலை மட்டும் நீரைப் பற்றிக்கொண்டு நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கின்றது.

நம் இலக்கியம் இவ்விலங்கை நன்கறியும். இரவில் தலைவன் கடந்துவரும் வழியின் இடர்களை அடுக்கும் கபிலர், குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களைச் சேர்த்தே சொல்கின்றார். ஒரே விலங்குக்கு மூன்று பெயரா, மூன்று வகைக்கும் தனித்தனிப் பெயரா என்பதில் உரைகாரர் முதல் இக்கால ஆய்வாளர் வரை பலரும் கருத்துரைத்துள்ளனர். எவ்வாறாயினும், நீர்நிலையை அணுகி நோக்காத மக்களிடம் இத்தனை சொற்கள் பிறந்திரா. மாறோக்கத்து நப்பசலையார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய 37ஆம் புறப்பாட்டில் கோட்டை அகழியில் முதலைகள் திரிகின்றன. காவலர் ஏந்திய விளக்கின் நிழலை நீரிற் கண்டு அவை பாய்வதாகப் புலவர் காட்டும் காட்சி, கண்ணாற் கண்டவர் சொல்லக்கூடியது.

வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் (குறள் 495) முதலையைச் சான்றாக்கினார். ஆழ்நீரில் அதற்கு நிகரில்லை. கரையேறிவிட்டால் எளிய விலங்கும் அதனை வெல்லும் என்பது அதன் கருத்து. அரசனுக்கு உரைத்த அறிவுரை எனினும் முதலையின் உடலமைப்பு இதற்கு முற்றும் இயைந்ததே. கண்ணும் நாசியும் தலையின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால் உடலை மறைத்தபடியே அது மூச்சுவிடும். தொண்டையை அடைக்கும் மடிப்பு ஒன்று இருப்பதால் நீருக்குள் வாய் திறந்தாலும் நீர் உட்புகாது. தன் உடல்வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாமையின், குளிரும்போது கரையில் வெயில் காயும்; வெயில் மிகும்போது நீருள் இறங்கும்.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். நம் நாட்டு நன்னீர் முதலைக்கு நீர் மட்டும் போதாது. கோடையில் கரைமணலில் குழி பறித்து முட்டையிடும். மழைக்காலம் நெருங்கக் குஞ்சுகள் வெளிவரும். நீர் வற்றினால் கரைச்சரிவில் வளை தோண்டி உள்ளே கிடக்கும். அதுவும் இயலாதபோது நிலத்தின்மேல் நடந்து வேறு நீர்நிலை தேடும். ஆகவே முதலையின் இடம் என்பது ஆழ்மடுவும் மணற்கரையும் சேர்ந்ததே.

அவ்விடத்துக்கு நேர்ந்ததைச் சிதம்பரத்தை அடுத்த கொள்ளிடக்கரையில் காணலாம். தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன முதலையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காத்தது. 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. மறு ஆண்டில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தோன்றியது. அமராவதியிலும் சாத்தனூரிலும் முதலைகள் வளர்க்கப்பட்டன. விலங்கு பிழைத்தது. ஆனால் அணைகளால் நீர்வரத்து மாறிய ஆறுகளிலிருந்து மணலும் அள்ளப்பட்டது. வேளக்குடி, பழையநல்லூர் முதலிய ஊர்களின் மக்கள் குளிக்கவும் மாடு கழுவவும் இறங்கும் பழைய கொள்ளிடத்திலேயே முதலைகளும் வாழ்கின்றன. வெள்ளக்காலத்தில் அவை வாய்க்கால் வழியே குளங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வந்துவிடுகின்றன. அப்பகுதியில் முதலையிடம் உயிரிழந்தோரும் உறுப்பிழந்தோரும் உண்டு. பிடிபட்ட முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி நீர்நிலையில் விடுகின்றனர். முதலைப் பண்ணை ஒன்று வேண்டும் என்பது அவ்வூர்களின் நெடுநாள் கோரிக்கை.

அக்கோரிக்கையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆற்றில் இறங்கியவரை இழந்த வீட்டில் நின்று காட்டுயிர்ப் பெருமை பேசலாகாது. எனினும் பண்ணை, வந்துவிட்ட முதலைக்கே விடையாகும். அது வந்த காரணத்துக்கு விடையாகாது. நாம் விலங்குக்குச் சட்டம் செய்தோம். அதன் இடத்தைக் காவாது விட்டோம். இடனறிதல் முதலைக்கு உடலோடு பிறந்த அறிவு. நமக்கோ அது கற்றும் நில்லாத பாடம்.

திருவக்கரையிலிருந்து திரும்பும் வழியில் சங்கராபரணி ஆற்றைப் பார்த்தோம். அகன்ற மணற்பரப்பின் ஓரமாக மெல்லிய நீரோட்டம் ஒன்று சென்றது. வினவிய மாணவர் ஒன்றும் பேசாது நெடுநேரம் அதனையே நோக்கியிருந்தார். "இருந்திருக்கும்" என்று மட்டும் அவருக்கு விடை சொன்னோம்.