தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா? பழவேற்காடு ஏரிக்கரையில் இரட்டைச் சிக்கல்!

சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டில் மருந்து நிரப்பி மறுபடி சுடுவது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. எல்லாத் தோட்டாவும் ஒரே அளவில் வர எந்த மெஷின் நல்லது என்பதுதான் அங்கே பேச்சு.

நம்ம ஊரில் அந்த மெஷினே வம்பு! தோட்டா தயாரிக்கும் இயந்திரத்தையும் தோட்டா கணக்கில்தான் வைக்கிறது 1959 ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தப்படி குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம்.

பூநாரைகள் வரும் பழவேற்காட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. இது 1980ல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே போகக் கூடாது. துப்பாக்கிகூட வேண்டாம், பையில் ஒரு தோட்டா போதும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அதுவும் 'ஆயுதம்'தான். அதே பட்டியலில் வலையும் தூண்டில் முள்ளும்கூட இருக்கு என்பது தனிக் கதை.