காம்பவுண்ட் வில், இலகுவகை

மையம் விலகிச் சுழலும் கப்பிகளாலும் வடங்களாலும், நாணை முழுதும் இழுத்த நிலையில் தாங்கவேண்டிய பாரத்தைப் பெரிதும் குறைக்கும் வில்லினத்துள், மலைக்காடுகளில் நெடுந்தூரம் சுமந்து செல்லுதற்கென எடை குறைத்து அமைக்கப்பட்ட வேட்டைவில். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஹாலெஸ் வில்பர் ஆலன் இவ்வினத்திற்கு 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். நடுத்தண்டு அலுமினியத்தாலோ கார்பன் இழையாலோ ஆவது; துணைக்கருவிகள் நீங்கலாக ஏறக்குறைய 2 கிலோவுக்கு உட்பட்டது இலகுவெனப்படும். தேர்வில் எடையினும் பிரதானமானது, இழுப்பு நீளம் வில்லாளியின் கையளவுக்குப் பொருந்துதலேயாம். மிக இலகுவான வில் காற்றில் அசைந்து குறியைக் கெடுக்குமாதலின், எடைக்குறைப்பை ஓர் எல்லைக்கு மேல் நாடுதல் பிரயோஜனமன்று.

தமிழகத்தில், தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளுள் அம்புமுனைகளும் உள்ளமை, இப்பிரதேசத்தில் வில்லின் பழமைக்குச் சான்று. எனினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை பொதுவாக விலக்கப்பட்டமையின், உவரிக் கடற்கரை முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் வரை, ஏன், பாரத தேசம் முழுதுமே, காம்பவுண்ட் வில்லினம் விளையாட்டுக்கே உரியது. 2023இல் நடைபெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜோதி சுரேகா வென்னமும் ஓஜஸ் தேவ்தளேயும் இதன் தனிநபர் பிரிவுகளில் தங்கம் வென்றனர்.