அல்ஹாமா: நீரும் பெயரும் எஞ்சிய ஊர்

அரபு மொழியில் ‘ஹம்மா’ என்னும் சொல் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும். ‘ஹம்மாம்’ என நாம் வழங்கும் குளியலகமும் அதே வேரில் பிறந்த சொல்லே. ‘அல்’ சேர்ந்த இச்சொல் ஸ்பெயின் நாட்டு வரைபடத்தில் இன்றும் பல இடங்களில் ஊர்ப்பெயராக நிற்கிறது. அரகோன், முர்சியா, அல்மேரியா ஆகிய பகுதிகளில் ஒவ்வோர் அல்ஹாமா உண்டு. வரலாற்றில் பெரும்பெயர் பெற்றதோ கிரனடா மாகாணத்து அல்ஹாமா. அந்தலூஸின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பேசும்போது நாம் அல்ஹம்ரா மாளிகையையே நினைக்கிறோம். ஆயினும், அம்மக்களின் அன்றாட வாழ்வு எவ்வாறு பறிக்கப்பட்டது என்பதை அறிய இச்சிற்றூரே தக்க சான்றாகும்.

கிரனடா நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், ஆழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் அல்ஹாமா அமைந்துள்ளது. ஊருக்கு வெளியே ஆற்றோரத்தில் ஊற்று சுரக்கிறது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 47 பாகை செல்சியஸ். ரோமானியர் காலத்திலேயே இது பயன்பாட்டில் இருந்தது. பின்வந்த முஸ்லிம்கள் அதைத் தூர்த்துவிடவில்லை. குதிரை லாட வடிவ வளைவுகள் தாங்கும் குளியற்கூடத்தை அங்கே எழுப்பினர். பிற்காலத்தில் கட்டப்பட்ட குளியல் விடுதியினுள் அக்கூடம் இன்றும் காணக்கிடைக்கிறது.

இவ்வூருக்கு நேரில் சென்ற பயணி நம் வாசகர்களுக்குப் புதியவரல்லர். மஅபர் நாட்டில் மதுரை சுல்தானின் விருந்தினராயிருந்த இப்னு பதூதாதான் அவர். 1350ஆம் ஆண்டளவில் மாலகாவிலிருந்து கிரனடா செல்லும் வழியில் அவர் அல்ஹாமாவைக் கண்டார். அழகிய இடத்தில் அமைந்த அதன் பள்ளிவாசலைப் புகழ்கிறார். ஊரிலிருந்து ஒரு மைல் தொலைவில் ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று இருப்பதையும், ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரு குளியலகங்கள் இருப்பதையும் குறிப்பிடுகிறார். சுருக்கமான குறிப்புத்தான். எனினும், ஒரு நாட்டுப்புற ஊரில் பெண்களுக்கெனத் தனிக் குளியலகம் அமைத்த சமூகத்தின் அக்கறை அதில் புலப்படுகிறது.

1481 டிசம்பரில் கிரனடா அமீர் அபுல் ஹசன் அலீ, எல்லைப்புறக் கோட்டையான ஸஹாராவைத் தாக்கிக் கைப்பற்றினார். அதற்குப் பதிலடியாக, காதிஸ் பிரபு ரோட்ரிகோ போன்ஸே டி லியோன் 1482 பிப்ரவரி 28இல் அல்ஹாமாவைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தார். மாலகாவுக்கும் கிரனடாவுக்கும் இடைப்பட்ட அவ்வூரை மீட்க அமீர் செய்த முற்றுகைகள் தோல்வியுற்றன. அதே ஆண்டில் அவர் மைந்தர், பொஅப்தில் என ஐரோப்பியர் அழைக்கும் முஹம்மது, தந்தைக்கெதிராகக் கிளர்ந்து ஆட்சியைக் கைப்பற்றினார். பகைவர் வாயிலில் நிற்க, அரண்மனைக்குள் பூசல் வளர்ந்தது. பத்தாண்டுகளுக்குள், 1492 ஜனவரி 2இல், கிரனடாவும் வீழ்ந்தது. அல்ஹாமாவின் இழப்பைப் பாடும் ஸ்பானியக் கதைப்பாடலை ஆங்கிலக் கவிஞர் பைரன் மொழிபெயர்த்தார். வென்றவரின் மொழியிலேயே தோற்றவரின் புலம்பல் நிலைபெற்றது வியப்புக்குரியது.

ஆனால் ஊரை இழந்ததைவிடக் கொடிய இழப்பு பின்னரே நேர்ந்தது. சரணடைந்தோரின் சமயம் காக்கப்படும் என்ற உடன்படிக்கை சில ஆண்டுகளிலேயே மீறப்பட்டது. முஸ்லிம்கள் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். மொரிஸ்கோக்கள் எனப்பட்ட அவர்களுக்கு எதிராக, இரண்டாம் பிலிப் மன்னரின் 1567ஆம் ஆண்டு ஆணை அரபு மொழியையும் மரபு உடையையும் மட்டுமன்றிக் குளியலகங்களையும் தடைசெய்தது. உடலைக் கழுவுவதே சமயக் குற்றத்தின் அடையாளமாக விசாரணை மன்றங்களில் கொள்ளப்பட்டது. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற முதிய மொரிஸ்கோத் தலைவர், குளியல் தூய்மைக்கானதேயன்றிச் சமயச் சடங்கன்று என எழுத்துமூலம் வாதிட்டார். அவர் வாதம் ஏற்கப்படவில்லை. 1568இல் அல்புஹாரா மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அது 1571இல் ஒடுக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

நூன்யெஸ் முலேயின் வாதம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உளூவும் குளிப்பும் நமக்கு வணக்கத்தின் வாயில்கள். அவற்றைக் காப்பாற்ற, அவை வணக்கத்தோடு தொடர்பற்றவை என்று சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு சமூகம் தள்ளப்பட்டது. அவரை இன்று குறைகூறுவது எளிது; அவர் நின்ற இடத்தில் நின்று பார்ப்பதே நீதியாகும். ஒரு மக்களின் பண்பாட்டை அழிக்க முனைவோர் நூல்களோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவர்கள் உடுப்பதையும் பேசுவதையும் குளிப்பதையும் கூடக் கண்காணிக்கின்றனர் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இப்னு பதூதா புகழ்ந்த பள்ளிவாசல் இன்று அங்கில்லை. 1884 டிசம்பர் 25இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் ஊரின் பெரும்பகுதியைச் சிதைத்தது. அதன் பின்னரும் ஊற்று வற்றவில்லை. விடுதிக்கு வெளியே வழிந்தோடும் நீர் ஆற்றோரத்துச் சிறு குட்டைகளில் தேங்குகிறது. கட்டணமின்றி எவரும் அதில் நீராடுகின்றனர். நீர் மக்கள் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. அதை மறந்தோர் குளிப்பதைத் தடைசெய்தனர். ஆனால், குளித்தவர்கள் அந்த நீருக்கு இட்ட பெயரை அவர்களாலும் மாற்ற இயலவில்லை.