சூலக நோயும் இருதய நலமும்

ஒரு நோய்க்கு முதலில் இடப்படும் பெயர், ஆராய்வோரின் பார்வையை ஓரிடத்திலேயே நிறுத்திவிடுவதுண்டு. 'சூலக நீர்க்கட்டி' என வழங்கும் பெண்களின் நோய் இதற்குச் சான்றாகும். மாதவிடாய் தவறுதல், முகத்தில் மயிர் அரும்புதல், மகப்பேறு தாமதித்தல் என்பன இதன் குறிகள். கட்டி எனப்படுபவையோ முதிராது நின்ற சூல்களைத் தாங்கிய நுண்பைகளே.

1935ஆம் ஆண்டில் சிக்காகோ மருத்துவர்களான ஸ்டைன், லெவன்தால் இருவரும் ஏழு பெண்களை ஆராய்ந்து இந்நோயை உலகுக்கு விளக்கினர். சூலகத்தின் ஒரு பகுதியை அரிந்து நீக்கியபின் எழுவருக்கும் மாதவிடாய் திரும்பியது; இருவர் கருவுற்றனர். அன்று தொட்டு நெடுங்காலம் இது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் நோயாகவே எண்ணப்பட்டது. 1980இலேதான் இதற்கும் குருதியில் இன்சுலின் மிகுவதற்கும் உள்ள தொடர்பு புலனாயிற்று. உடல் இன்சுலினுக்குச் செவ்வனே இணங்காதவிடத்துக் கணையம் அதனை மேலும் சுரக்கின்றது. அம்மிகுதி சூலகத்தைத் தூண்டி ஆண்மை ஓமோனைப் பெருக்குகின்றது. நீரிழிவு, தீய கொழுப்பு, உயர் குருதி அமுக்கம் ஆகியவற்றுக்கும் வழிகோலுகின்றது. குருதிக்குழாய்களைக் கெடுப்பவை இம்மூன்றுமே.

இருதயத்துக்கு விளையும் தீங்கின் அளவு எளிதில் துணியப்படவில்லை. 1992இல் சுவீடன் ஆய்வாளர் மாரடைப்பு அபாயம் ஏழு மடங்காகலாம் எனக் கணித்தனர். 21 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 2011இல் அந்நாட்டிலேயே வெளியான ஆய்வோ மாரடைப்பு மிகக் காணவில்லை. குருதி அமுக்கமே மிகக் கண்டது. பல ஆய்வுகளையும் சீர்தூக்கிய 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி, இந்நோயை இருதய நோய்க்குரிய ஏதுக்களுள் ஒன்றாகக் கொள்ளுமாறு கூறிற்று.

இலங்கையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. தெற்காசியப் பெண்களுக்கு இந்நோய் இளமையிலேயே தோன்றுவதையும் உடல் இன்சுலினுக்கு இணங்காமை மிகுதியாயிருப்பதையும் பேராசிரியர் சந்திரிகா விஜேரத்னவும் பிரித்தானிய ஆய்வாளரும் 2002இல் எடுத்துக்காட்டினர். கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இந்நோய் உண்டென 2008இல் வெளியான ஆய்வு கூறிற்று.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கிக் குடியிருக்கும் காத்தான்குடிக்கு இச்செய்தி பெரிதும் உரியது. அங்கே மகளுக்கு வீடு சீதனமாக அளிக்கப்படுவதும், மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் மரபு. ஆதலின் உம்மாவின் சலரோகமும் மகளின் மாதவிடாய்க் குறையும் ஒரே வளவுக்குள் அறியப்படத்தக்கவை. ஆயினும் இவ்விரண்டையும் இணைத்து நோக்குவார் சிலரே. பிள்ளை பிறந்ததும் நோய் தீர்ந்ததெனக் கொள்வதும் பலவிடத்தும் காணும் வழக்கம். 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதை எட்டிய பெண்களையே முதன்மையாகக் கருதியவை. இந்நோயோ பதின்ம வயதிலேயே தலைகாட்டும்.

எனவே நோய் அறியப்பட்ட அன்றே சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்தல் வேண்டும். குருதி அமுக்கத்தை ஆண்டுதோறும் அளத்தல் வேண்டும். நாள்தோறும் நடப்பதும், சோற்றையும் இனிப்பையும் அளவோடு கொள்வதும் உடல் இன்சுலினுக்கு இணங்காமையைத் தணிக்கும். மணமாகாத மகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றெடுத்த தாய்க்கும் இவை ஒருங்கே உரியன.