ஒரு எழுத்து மட்டும் மாறிய பந்தயக் கார்

1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'டிரான்ஸ்பார்மர்ஸ்' என்று விற்ற உருமாறும் பொம்மைகளுள் பல, ஜப்பானின் டகாரா முன்பே 'டயக்ளோன்' வரிசையில் வார்த்தவை. டட்சன் காரின் அச்சு ஒன்றே. காவல்துறை வண்ணத்தில் அது புரௌல். வெள்ளி நிறத்தில் புளூஸ்ட்ரீக். 1985இல் பந்தய வண்ணமும் 38 என்ற எண்ணும் ஏறியதும் ஸ்மோக்ஸ்கிரீன். பகுதி ஒன்று, விகுதி மூன்று எனலாம்.

ஆனால் பந்தய வண்ணம் பெரும்பாலும் விளம்பரதாரரையும் சுமந்தே வருகிறது. மிராஜ் என்னும் பொம்மை, 1979இல் ழாக் லாஃபீத் ஓட்டிய லிஜியே ஜேஎஸ்11 பார்முலா 1 காரின் நகல்: அதே நீலம், அதே 26. அக்காரில் இருந்த 'ஜித்தான்' ஒரு பிரெஞ்சு சிகரெட்டின் பெயர். பொம்மையில் அதன் முதலெழுத்தான ஆங்கில 'ஜி' மட்டும் 'சி' ஆயிற்று. பெயர் நீங்கியது, விளம்பரம் நீங்கியதா என்பது வேறு கேள்வி. வண்ணத்தைக் கண்டே சிகரெட்டை அறிபவருக்கு எழுத்து தேவையில்லை.

இந்தியாவில் இந்த ஒளிவுமறைவுகூட இருந்ததில்லை. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே 'வில்ஸ்'. அவ்வாண்டு பிப்ரவரி 16 அன்று ஹைதராபாத் லால் பகதூர் சாஸ்திரி மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளும் ஜிம்பாப்வேயும் ஆடியது அந்தச் சிகரெட்டின் பெயரில்தான். புகையிலை நிறுவனங்கள் விளையாட்டுக்குப் புரவலராவதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசேன் சாகர் கரையில் பார்முலா ஈ கார்கள் ஓடியது அச்சட்டத்துக்குப் பிந்திய நகரத்தில். மிராஜின் புதிய பதிப்புகளிலோ பழைய நீலம் தொடர்கிறது.